வைக்கோல் புகை

ராஜாக்கள் ஆண்ட காலம். எந்த ராஜா என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு ராஜா வேண்டாம். ஒரு குன்று, ஒரு சங்கு, ஒரு பானை போதும். உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்களுக்கு நான் திரும்பச் சொல்ல மாட்டேன்.

குன்றடி என்று ஓர் ஊர். எழுபது வீடு. மேற்கே ஒரு மொட்டைக் குன்று, கிழக்கே ஓர் ஒற்றைப் பனை, நடுவில் ஊர்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தைப்பொங்கல் அன்று விடிவதற்கு முன்னே எல்லா வீட்டிலும் அடுப்பு மூட்டிப் புதுப்பானையில் தண்ணீர் வைப்பார்கள். ஆனால் யாரும் அரிசி போடக் கூடாது. ஊர்த்தலைவர் குன்றின் மேல் ஏறுவார். எழுபது கூரையையும் பார்ப்பார். எழுபது கூரையிலும் புகை தெரிந்தால் சங்கு ஊதுவார். அதற்குப் பிறகுதான் எந்த வீட்டிலும் அரிசி பானைக்குள் போகும்.

ஒரு கூரையில் புகை இல்லையென்றாலும் சங்கு கிடையாது. ஊரே காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு அரிசி போக வேண்டும், விறகு போக வேண்டும், புகை வர வேண்டும். அதற்குள் சூரியன் ஒற்றைப் பனையின் உச்சியைத் தாண்டிவிட்டால், ஊர்த்தலைவர் தன் கோலைக் குன்றின் மேல் இறக்கி வைத்துவிட வேண்டும். கோல் வேறு கைக்குப் போய்விடும்.

ஏன் இப்படி ஒரு வழக்கம்? என்றைக்கோ ஒரு பஞ்சத்தில், ஊரெல்லாம் பொங்கல் தின்றுகொண்டிருந்தபோது, ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பட்டினியில் செத்துக் கிடந்தார்கள். மூன்றாம் நாள்தான் ஊருக்குத் தெரிந்தது. அந்த வெட்கத்தில் வைத்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். இருங்கள், சொல்கிறேன்.

மருதவாணர் என்று ஒருவர் ஊர்த்தலைவராக இருந்தார். அவர் வீட்டில் கோல் ஏழு தலைமுறையாக இருந்தது. வெள்ளிப் பூண் போட்ட கோல். அதை வேலைக்காரர்களிடம் விட மாட்டார். தானே புளி போட்டுத் துலக்குவார். பேரப்பிள்ளைகளைத் தூக்கியதைவிட அந்தக் கோலைத்தான் அவர் அதிகம் தூக்கியிருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

கெட்ட மனிதர் இல்லை. யாரையும் அடித்ததில்லை, யார் நிலத்தையும் பிடுங்கியதில்லை. வீட்டில் மூன்று குதிர் நிறைய நெல் இருந்தது. காரியம் சட்டென்று முடிய வேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அந்தப் பொங்கலன்று மருதவாணர் குன்றில் ஏறிப் பார்த்தார். மூன்று கூரையில் புகை இல்லை. மூன்றும் குன்றின் அடியில் ஏரிக்கரையில் இருந்தன. கோரைப்பாய் நெய்கிறவர்களின் குடிசைகள். ஏரி வற்றியதால் கோரை இல்லை, கோரை இல்லாததால் பாய் இல்லை, பாய் இல்லாததால் அரிசி இல்லை.

மருதவாணர் இறங்கினார். மூன்று மூட்டை அரிசி வரவழைத்தார். ஊரே கூட வந்தது. கையில் அகப்பையோடு வாசலில் நின்றது.

"இன்னுமா பத்த வைக்கலை? எங்க வீட்டுல தண்ணி கொதிச்சுக் கொதிச்சு வத்திப்போச்சு."

"புள்ளைங்க பசியில அழுவுது. சட்டுன்னு அடுப்பை ஊதும்மா."

புகை வந்தது, சங்கு ஊதினார். சூரியன் பனையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே இருந்தது. கோல் போயிருக்கும். ஒரு முழத்தில் தப்பியது.

அடுத்த வருஷமும் மழை இல்லை. மருதவாணர் யோசித்தார். போகியன்று மத்தியானம் தலையாரி மொக்கையனைக் கூப்பிட்டார். ஊர்க்காவல் அவன் வேலை. வாயும் கொஞ்சம் நீளம்.

"எத்தனை வீட்டுல அடுப்பு எரியாதுடா?"

"பதினஞ்சு இருக்கும் ஐயா."

"பதினஞ்சு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கூடை வறட்டி குடுத்துட்டு வா."

"அரிசி?"

"வழக்கம் என்ன சொல்லுது? புகை வரணும்னு சொல்லுது. வறட்டி புகையுமா புகையாதா?"

"புகையும்" என்றான் மொக்கையன். போனான்.

மறுநாள் எழுபது கூரையிலும் புகை. விடிந்ததும் சங்கு ஊதிவிட்டார். அப்போதுதான் சூரியன் பனையின் தூரைத் தொட்டது. ஊர் மெச்சியது. இந்த மாதிரி ஒரு தலைவர் உண்டா, ஒரு நாழிகைகூடக் காக்க வைக்கவில்லை என்றது.

மூன்றாம் வருஷமும் மழை இல்லை. இந்தத் தடவை முப்பது வீடு. முப்பது கூடை வறட்டிக்கு எங்கே போவது? மாட்டுத் தொழுவத்தில் நனைந்துபோன வைக்கோல் கிடந்தது. மாடு அதைத் தின்னாது. வீட்டுக்கு ஒரு கட்டு என்று அனுப்பினார்.

பொங்கல் விடிந்தது. குன்றின் மேல் நின்று பார்த்தால், அப்படி ஒரு புகையை அந்த ஊர் கண்டதில்லை. ஏரிக்கரைப் பக்கம் வெள்ளை வெளேரென்று மூட்டை மூட்டையாக எழுந்தது.

"பாத்தியாடா?" என்றார் மருதவாணர்.

"பாத்தேன். விறகுப் புகைன்னா மேல போகும். இது தரையிலயே உருளுது."

"புகை புகைதான்டா."

"கோழிக்குஞ்சைக்கூடக் காணோம், உள்ள இருக்கிறவங்க எப்படி மூச்சு விடுறாங்களோ."

"உன் மூச்சைக் கொஞ்சம் அடக்கு."

சங்கு ஊதினார். கீழே எழுபது வீட்டிலும் கலகலவென்று சத்தம் கேட்டது. மருதவாணர் கோலை ஊன்றி இறங்கினார். பனி ஈரம். பாதிப் படி இறங்கியவர் வழுக்கினார். கணுக்கால் மடங்கிவிட்டது.

மொக்கையன் தூக்கிப் பார்த்தான். முடியவில்லை. நெய்யில் வளர்ந்த உடம்பு.

"வண்டியைத்தான் கொண்டாரணும் ஐயா. அதுவரைக்கும் அடிவாரத்துல ஏதாவது வீட்டுல உக்காருங்க."

கைத்தாங்கலாக இறக்கி, முதல் குடிசையில் உட்கார வைத்துவிட்டு ஓடினான்.

அது சடைச்சியின் குடிசை. பாய் நெய்கிறவள். புருஷன் தூரதேசத்தில் கால்வாய் வெட்டப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. மூன்று பிள்ளைகள், மூன்றும் பெண். மூன்றுக்கும் கண் சிவந்து தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது. புகை.

ஊர்த்தலைவர் தன் குடிசைக்குள் வந்து உட்காருவார் என்று சடைச்சி கனவிலும் நினைத்ததில்லை. பாயை உதறிப் போட்டாள். கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். பழைய துணியைக் கிழித்து மஞ்சள் வைத்துக் கணுக்காலைக் கட்டினாள்.

அடுப்பில் பானை இருந்தது. கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருந்தது. கோலம் போட்டிருந்தது. மூடி போட்டிருந்தது.

மருதவாணருக்கு நல்ல பசி. குன்று ஏறுகிறவர் முதல் நாள் சாயங்காலத்திலிருந்து சாப்பிடக் கூடாது என்பது வழக்கம். கால் வலி ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம்.

"பொங்கல் அன்னைக்கு வீட்டுக்கு வந்தவங்களைச் சும்மா அனுப்பக் கூடாதுங்க" என்றாள் சடைச்சி. உறியிலிருந்து ஓர் ஓலைப்பெட்டியை இறக்கினாள். அதில் பனங்கிழங்கு இருந்தது. முந்தின நாள் அவித்தது. ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, நார் எடுத்து, இரண்டாகப் பிளந்து இலையில் வைத்தாள்.

மருதவாணர் தின்றார். நன்றாக இருந்தது.

இரண்டாவதை உரித்தாள். அதையும் தின்றார்.

மூன்றாவதை எடுக்கும்போது சடைச்சியின் கை ஓலைப்பெட்டிக்குள் கொஞ்சம் நின்றது. பிறகு எடுத்தாள், உரித்தாள், வைத்தாள். அதையும் தின்றார்.

மூன்று பெண்களும் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மட்டும் ஒவ்வொரு கிழங்குக்கும் ஒரு விரலை மடக்கினாள். மூன்று விரல் மடங்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் ஊருக்குள் சத்தம் எழுந்தது. பொங்கலோ பொங்கல், பொங்கலோ பொங்கல் என்று வீட்டுக்கு வீடு. குடிசைக்குள் மூன்று பெண்களும் சட்டென்று நிமிர்ந்து, தொண்டை கிழிய, பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். மூன்று தடவை. கத்தி முடித்துவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்கள்.

மருதவாணர் பானையைப் பார்த்தார். மூடி அப்படியே இருந்தது. நுரை இல்லை, வாசனை இல்லை.

"இன்னும் பொங்கவே இல்லையே, எதுக்குக் கத்துறீங்க?"

"இப்பக் கத்தலைன்னா பக்கத்து வீட்டுல கேப்பாங்க" என்றாள் பெரியவள்.

"பக்கத்து வீட்டுல பொங்கிருச்சா?"

"அவங்களும் நாங்க கேப்போம்னு கத்துறாங்க" என்றாள் நடுவில் உள்ளவள்.

மருதவாணர் ஒற்றைக் காலில் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் மூடியைத் தூக்கினார். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். பானையின் அடி தெரிந்தது.

"அரிசி எங்கம்மா?" என்றார், வைக்கோல் அனுப்பியது தானே என்பதை மறந்தவர்போல.

சடைச்சி தலை குனிந்தாள். "ஏரிக்கரையில யாருக்கும் இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு அடுப்பு மூட்டுனீங்க? புகை இல்லைன்னா ஊர் கொண்டாந்து குடுத்திருக்குமே."

சடைச்சி வைக்கோலை அடுப்புக்குள் தள்ளினாள். "முந்தி ஒரு வருஷம் இந்த வாசல்ல ஊரே வந்து நின்னுதுங்க. கையில அகப்பை வச்சுக்கிட்டு. எங்களால புள்ளைங்க பசியோட நிக்குதுன்னாங்க. நிசந்தானே. அந்தச் சோறு எங்களுக்கு இறங்கலை. அடுத்த வருஷம் நீங்க வறட்டி அனுப்புனீங்க. இந்த வருஷம் வைக்கோல் அனுப்புனீங்க. நல்லா புகையுதுங்க. நீங்க அனுப்பலைன்னா இந்த வருஷமும் எங்க மானம் போயிருக்கும். புண்ணியமாப் போச்சு."

கேலி பண்ணவில்லை அவள். மனதாரச் சொன்னாள்.

மருதவாணர் ஓலைப்பெட்டியைப் பார்த்தார். காலி. இலையைப் பார்த்தார். கிழங்கின் நார் மட்டும் கிடந்தது. பிள்ளைகளைப் பார்த்தார். மூன்று பேர். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, அவர் தின்ற மூன்று கிழங்கும் யார் யாருடையது என்று.

வாசலில் வண்டி வந்து நின்றது. மொக்கையன் குரல் கேட்டது.

"ஐயா, வீட்டுல உலை தயாரா இருக்கு. நீங்க வந்துதான் அரிசி போடணும்னு அம்மா காத்துக்கிட்டிருக்காங்க."

மருதவாணர் வெளியே வந்தார். கிழக்கே பார்த்தார். சூரியன் பனையின் பாதி உயரத்தில் இருந்தது.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கதை இங்கேதான் நிற்கிறது. சங்கு ஊதியாகிவிட்டது. ஊர் பொங்கிவிட்டது. பேசாமல் வீட்டுக்குப் போனால் கோல் அவர் கையில். நாளைக்கு ஆள்விட்டு முப்பது வீட்டுக்கும் நெல் அனுப்பலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. சடைச்சி வாய் திறக்க மாட்டாள். அவளுக்கே வெட்கம். திரும்பக் குன்றில் ஏறினால் ஊதிய சங்கு பொய்ச்சங்கு என்று ஆகும். இனிமேல் முப்பது வீட்டுக்கு அரிசி போய்ச் சேருவதற்குள் சூரியன் பனையைத் தாண்டும். கோல் போகும். ஏழு தலைமுறைக் கோல்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரன் மாட்டை ஊர்ப்பக்கம் திருப்பினான். பத்தடி போயிருக்கும்.

"குன்றுக்குத் திருப்பு."

"வீடு இந்தப் பக்கம் ஐயா" என்றான் மொக்கையன்.

"எனக்கு என் வீடு தெரியும். குன்றுக்குத் திருப்பச் சொல்றேன்."

"கால் ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா உனக்கென்ன, நீயா நடக்கப் போறே?"

ஏறினார். மொக்கையன் தோளில் ஒரு கை, கோலில் ஒரு கை. மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது இடத்தில் மொக்கையன், "நான் ஊதிட்டு வரட்டுமா ஐயா?" என்றான். "ஊதுனது நானு" என்றார் அவர்.

இரண்டாவது சங்கு கேட்டது. குன்றடியில் அதுவரை யாரும் கேட்டதில்லை. அகப்பைகள் நின்றன. ஊர் குன்றின் அடிவாரத்துக்கு ஓடி வந்தது. எல்லாருக்கும் எரிச்சல். பாதி வெந்த சோற்றை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்?

மருதவாணர் மேலிருந்து சொன்னார். "நான் முதல்ல ஊதுனது பொய்ச்சங்கு. முப்பது வீட்டுப் பானையில வெறும் தண்ணி. அங்க புகையுறது என் தொழுவத்து வைக்கோல். மாடு திங்காத வைக்கோல்."

ஊரில் நாகப்பர் என்று ஒரு பெரிய விவசாயி. அவருக்கு அந்தக் கோலின் மேல் ரொம்ப நாளாகக் கண். அவர் கேட்டார்: "இல்லைன்னா அவங்க சொல்லியிருக்கணும்ல?"

"நான் கேக்கலையே" என்றார் மருதவாணர். "நீர் கேட்டீரா?"

நாகப்பர் ஓரடி பின்வாங்கினார்.

"என் வீட்டுக் குதிர் மூணையும் திறக்கச் சொல்றேன். பொங்கின பானை வச்சிருக்கிறவங்க பாதியை எடுத்துக்கிட்டு ஏரிக்கரைக்கு வாங்க. யாரும் வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள போங்க, உக்காருங்க, அவங்களோட சேர்ந்து சாப்பிடுங்க. அகப்பையைத் தூக்கிக்கிட்டு எவனாவது வாசல்ல நின்னான்னா, நான் இந்த ஒத்தைக் காலோட இறங்கி வந்து உதைப்பேன்."

அந்த உதைக்கு வேலை வரவில்லை. போனார்கள். முதலில் கொஞ்சம் பேர், பிறகு எல்லாரும். முணுமுணுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. முணுமுணுத்தாலும் சோறு போய்ச் சேர்ந்தது. சடைச்சியின் பானையில் அரிசி விழுந்தது, நுரை எழுந்தது, வழிந்தது. மூன்று பெண்களும் மறுபடி கத்தினார்கள். இந்தத் தடவை குரல் அவ்வளவு பெரிதாக இல்லை. வாய் நிறையச் சோறு.

அதற்குள் சூரியன் பனையைத் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. மருதவாணர் கோலின் வெள்ளிப் பூணைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். பாறையின் மேல் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். திரும்பிப் பார்த்திருந்தால் தடுக்கி விழுந்திருப்பார், அந்தக் கால் அப்படி.

மறுநாள் ஊர் கூடியது. கோலை நாகப்பர் கையில் கொடுப்பது என்று பேசினார்கள். நாகப்பர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் சடைச்சி. கூட்டத்தில் அவள் அதுவரை வாய் திறந்ததில்லை. "கோலை யாரு வேணா வாங்கிக்கட்டும். வழக்கத்தை மட்டும் மாத்துங்க. ஊர் காத்திருக்க வேணாம். ஊர் காத்திருந்தா எங்களுக்குக் கூச்சம், கூச்சம் வந்தா நாங்க புகையைப் போட்டுருவோம். தலைவர் குன்று ஏற வேணாம். எழுபது வீட்டுக்கும் வந்து, எழுபது பானையிலயும் ஒரு வாய் சாப்பிடட்டும். பெரிய வீடு, சின்ன வீடு, அந்தத் தெரு, இந்தத் தெருன்னு பாக்கக் கூடாது. எழுபது வாயும் சாப்பிட்டப்புறந்தான் அவர் வீட்டு அடுப்பு எரியணும்."

"எழுபது வாயா?" என்றார் நாகப்பர்.

"வயித்தை இப்பவே காயப் போடுங்க" என்றான் மொக்கையன்.

ஊர் சிரித்தது. வழக்கம் மாறியது.

அடுத்த பொங்கலுக்கு நாகப்பர் எழுபது வீட்டிலும் சாப்பிட்டார். எழுபதாவது வீட்டில் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்று நாள் மோர்தான் குடித்தார். ஆனால் ஒன்று. எழுபது பானைக்குள்ளும் எட்டிப் பார்த்தவரால் அதோடு விட முடியவில்லை. எந்த வீட்டில் அரிசி பாதி, எந்த வீட்டில் அரிசியே கடன், எந்த வீட்டில் ஏரி வற்றியதால் வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தக் கோடையில் ஊரைக் கூட்டி ஏரியைத் தூர் வாரினார். ஐப்பசியில் மழை பெய்தது, தண்ணீர் நின்றது, கோரை முளைத்தது. கால்வாய் வெட்டப் போன சடைச்சியின் புருஷன் வந்தானா என்று கேட்பீர்கள். வரவில்லை. எல்லாம் வந்துவிடாது.

மருதவாணர் பிறகு கோலைத் தொடவில்லை. கணுக்கால் கடைசிவரை சரியாகவில்லை, ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி நடந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் நாள் சாயங்காலம் சடைச்சி வீட்டுக்குப் போவார். கையில் அவித்த பனங்கிழங்கு மூன்று இருக்கும். தானே உட்கார்ந்து தோலை உரிப்பார், நார் எடுப்பார், ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பார். மூன்றும் தின்று முடிக்கும்வரை சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வருஷம் சின்னவள் தன் கிழங்கில் பாதியை ஒடித்து நீட்டினாள். "நீங்களும் தின்னுங்க தாத்தா."

"நான் முன்னாடியே தின்னுட்டேன்" என்றார் அவர்.

கதை முடிந்தது. நீதி கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: இல்லாதவருக்குக் கொடுக்க நினைக்கிறவன் அவர் கூரைமேல் எழும் புகையைப் பார்த்துத் திருப்திப்படாமல், உள்ளே போய் உட்கார்ந்து அவர் பானைக்குள் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

எழுந்திருங்கள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போங்கள்.